நூறைத் தாண்டிய இறுக்கம்: டர்பன் அருகே ஒரு மண் ஆய்வகத்தில் நடந்தது

பின்னணி

2022 ஏப்ரல் வெள்ளம் டர்பனையும் அதற்கு வடக்கே வெருலம், டோங்காட் பகுதிகளையும் எப்படிப் புரட்டிப் போட்டது என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நானூறு பேருக்கு மேல் உயிரிழந்தார்கள். பாலங்கள் போயின, சாலைக் கரைகள் கரும்புக் காட்டுக்குள் சரிந்தன. அதன் பிறகு நடந்த சீரமைப்பு வேலைகளில் ஒன்றைப் பற்றியது இந்தக் குறிப்பு. சாலையின் ஒரு பகுதியில் கரையைக் கட்டி, அதன்மேல் அடுக்குகளைப் புதிதாகப் போட வேண்டும். மேற்பார்வை ஆலோசகர் தரப்பில் மண், கல் சோதனைகளைப் பார்ப்பது என் பொறுப்பு. சம்பந்தப்பட்டவர்கள் யார் பெயரையும் எழுதவில்லை. அடர்த்தி எண்களை அருகிலுள்ள ஐந்துக்கு முழுமையாக்கியிருக்கிறேன்.

கரைக்கும் மேல் அடுக்குக்கும் எடுத்த மண், இந்தக் கரையோர மேடுகளில் எங்கு தோண்டினாலும் வரும் பெரியா செம்மணல். பார்க்க நம் ஊர்த் தேரி மணல் போலவே இருக்கும். மணல் துகள்களுக்கு நடுவே கொஞ்சம் களிமண் பாலம் போல ஒட்டிக்கொண்டு நிற்கும். காய்ந்திருக்கும்வரை செங்குத்தாக வெட்டினாலும் நிற்கும். தண்ணீர் இறங்கினால் அந்தக் களிமண் இளகி, துகள்கள் ஒன்றின்மேல் ஒன்று சரிந்து அமுங்கிவிடும். ஆகவே இந்த மண்ணைப் போடும்போதே நன்றாக இறுக்கிவிட வேண்டும். இறுக்கம் இரண்டு சதவீதம் குறைந்தால் அது அன்றைக்குத் தெரியாது, அடுத்த பெருமழையில் தெரியும்.

இறுக்கத்தைச் சதவீதத்தில் சொல்கிறோம். எதன் சதவீதம் என்பதில்தான் இந்த விவகாரம் முழுவதும் அடங்கியிருக்கிறது. ரோலர் ஓட்டிய பிறகு களத்தில் கிடைக்கும் உலர் அடர்த்தியை, அதே மண்ணை ஆய்வகத்தில் மோல்டு என்ற உருளை அச்சில் இடித்துப் பெற்ற அதிகபட்ச உலர் அடர்த்தியால் வகுக்கிறோம். 1933இல் லாஸ் ஏஞ்சல்ஸில் மண் அணை கட்டிய ப்ராக்டர் தொடங்கிவைத்த வழி இது. இரண்டாம் உலகப் போரில் கனரக விமானங்களுக்கு ஓடுதளம் போட அந்த இடி போதாமல் கூட்டியதுதான், தென்னாப்பிரிக்காவில் நாம் தினமும் சொல்லும் மாட் ஆஷ்டோ. 4.536 கிலோ ராம்மர் (இடிக்கும் சுத்தி), 457 மில்லிமீட்டர் உயரத்திலிருந்து, ஐந்து அடுக்கு, அடுக்குக்கு 55 அடி. ஒரு அடிக்கு ஏறத்தாழ 20 ஜூல், ஒரு மோல்டுக்கு 275 அடி. ஈரப்பதத்தை மாற்றி மாற்றி ஐந்து மோல்டு போட்டால்தான் ஒரு வளைகோடு கிடைக்கும்; அதன் உச்சிதான் அதிகபட்ச உலர் அடர்த்தி, அந்த உச்சியில் உள்ள ஈரம்தான் உகந்த ஈரப்பதம். கையால் என்றால் நாலரைக் கிலோவை 1,375 தடவை தூக்க வேண்டும். எந்த ஆய்வகமும் முதலில் வாங்க நினைப்பது தானியங்கி இடிப்பு மிஷின் என்பதில் ஆச்சரியம் இல்லை.

இந்த ஆய்வகத்திலும் அப்படி ஒரு மிஷின் உண்டு. சங்கிலி ராம்மரைத் தூக்கி உயரத்தில் விடுவிக்கும், ஒவ்வொரு அடிக்கும் மோல்டு கொஞ்சம் திரும்பும், எண்ணிக்கை முடிந்ததும் தானாக நிற்கும். வெள்ளம் ஆய்வகத்தின் தரைத்தளத்துக்குள் புகுந்தது. மோட்டாரைச் சரிபார்த்துத் துடைத்த கையோடு, இனி ஒரு வெள்ளத்தில் மாட்டக்கூடாது என்று மிஷினை மேல்மாடிக்கு ஏற்றினார்கள். அடியில் இரும்பு ஸ்டாண்டு. கீழே வாடகைக்கு வந்த கடைக்காரர் சத்தம் தாங்கவில்லை என்றதும் ஸ்டாண்டின் கால்களுக்குக் கீழே தடித்த ரப்பர் பாய். எல்லாம் நல்லெண்ணத்தில் செய்ததுதான்.

கண்ணில் பட்டவை

மேல் அடுக்குக்கு ஒப்பந்தம் கேட்டது 95 சதவீதம். அறிக்கைகள் 97இலிருந்து 102வரை வந்தன. ஒப்பந்தக்காரருக்கு மகிழ்ச்சி. எங்கள் தரப்பிலும் பலர் அதை நல்ல செய்தியாகவே எடுத்துக்கொண்டார்கள். 100ஐத் தாண்டுவது தன்னளவில் தவறு இல்லை. கனமான அதிர்வு ரோலர் மணல் கலந்த மண்ணில் மாட் ஆஷ்டோ அடர்த்தியைத் தாண்டிப் போவது உண்டு. ஆனால் அடிக்கடி தாண்டினால் முதலில் வகுக்கும் எண்ணைச் சந்தேகிக்க வேண்டும் என்பது என் கட்சி. ரோலர் திடீரென்று கெட்டிக்காரன் ஆகிவிடுவதில்லை.

அதே நேரத்தில் எதிர்த்திசையில் இன்னொரு செய்தி. அதே செம்மணலின் சிபிஆர், அதாவது மண்ணின் தாங்கு பலத்தைக் காட்டும் எண், குறைவாக வந்தது. ஜி7 என்ற தரத்துச் சாலைப் பொருளுக்கு மாட் ஆஷ்டோவில் 93 சதவீத இறுக்கத்தில் சிபிஆர் குறைந்தது 15 வேண்டும், இங்கே 12. மண் தேறவில்லை, நொறுக்குக் கல் வாங்கிக் கலக்க வேண்டும் என்று ஒப்பந்தக்காரர் கடிதம் கொடுத்துவிட்டார். கல் லாரிகளும் வர ஆரம்பித்தன. ஒரே மண் அற்புதமாக இறுகுகிறது, ஆனால் பலம் இல்லை என்பது எனக்கு ஒட்டவில்லை.

மூன்றாவதாக ரோலர் ஓட்டுபவரின் முறையீடு. அறிக்கையில் உள்ள உகந்த ஈரப்பதத்துக்குத் தண்ணீர் விட்டால், சில இடங்களில் உருளைக்குப் பின்னால் மண் மெத்தை போல அலைகிறது என்றார். அதை யாரும் எழுதி வைக்கவில்லை.

பழைய கோப்பைத் தேடி எடுத்தோம். அதே மண்குழியிலிருந்து வெள்ளத்துக்கு முன் இதே ஆய்வகம் செய்த சோதனையில் அதிகபட்ச உலர் அடர்த்தி கன மீட்டருக்கு 2,020 கிலோ, உகந்த ஈரப்பதம் 9.1 சதவீதம். இப்போதைய அறிக்கையில் 1,945 கிலோ, 10.4 சதவீதம். சல்லடைப் பகுப்பும், களித்தன்மையைக் காட்டும் பிளாஸ்டிசிட்டி எண்ணும் கிட்டத்தட்ட மாறவே இல்லை.

இந்த ஜோடி எண்களில் நான் நெடுநேரம் நின்றேன். மண் மாறியிருந்தால் அடர்த்தியும் ஈரமும் எப்படி வேண்டுமானாலும் போயிருக்கலாம். இங்கே அடர்த்தி இறங்கியிருக்கிறது, உகந்த ஈரம் ஏறியிருக்கிறது. துகள் அடர்த்தி 2.65 என்று வைத்துக் கணக்கிட்டால், இரண்டு உச்சிகளிலும் மண்ணின் துளைகளில் தண்ணீர் நிறைந்திருக்கும் பங்கு ஏறத்தாழ ஒன்றே: 77, 76 சதவீதம். அதாவது காற்றற்ற கோட்டுக்கு (துளைகளில் காற்றே இல்லாமல் தண்ணீர் மட்டும் நிறைந்த நிலையைக் காட்டும் கோடு) இணையாக உச்சி கீழே வழுக்கி இறங்கியிருக்கிறது. அதே மண்ணைக் குறைந்த சக்தியில் இடித்தால் இப்படித்தான் ஆகும்.

ஒவ்வொன்றாகக் கழித்தது

முதலில் களத்தை நீக்கினோம். கதிரியக்கத்தால் அடர்த்தி அளக்கும் நியூக்ளியர் கேஜ் வைத்த அதே இடங்களுக்குப் பக்கத்தில் மணல் நிரப்பும் முறையில் குழி தோண்டி அளந்தோம். வித்தியாசம் ஒரு சதவீதத்துக்குள். கள அடர்த்தி சரி.

பிறகு ஆய்வகம். நிர்வாகி டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியைச் சேர்ந்த தமிழ் அம்மா. நாங்கள் வந்ததைக் குற்றச்சாட்டாக எடுத்துக்கொள்ளாமல் அலமாரியைத் திறந்துவிட்டார். அளவீட்டுச் சான்றிதழ் காலாவதி ஆகவில்லை. ராம்மரை நிறுத்தோம், சரி. விழும் உயரத்தை மண்ணின் மேற்பரப்பிலிருந்து அளந்தோம், சரி. மோல்டு தேய்ந்து உள்விட்டம் பெருத்திருக்குமோ என்று தண்ணீர் நிரப்பிக் கொள்ளளவு பார்த்தோம், அதுவும் சரி. எண்ணி நிறுத்தும் கருவி 55இல் நின்றது. சான்றிதழில் சொன்ன அத்தனையும் உண்மை.

மிஷினை ஓட்டுபவர் டோங்காட்டில் பிறந்து வளர்ந்த பெரியவர். பாட்டியிடம் கற்ற தமிழ், இன்னும் வீட்டில் பேசுகிறார். நாங்கள் அளந்து முடிக்கும்வரை ஓரமாக நின்றவர், பிறகு சொன்னார்: “தம்பி, சத்தம் மாறிப்போச்சு. கீழ இருந்தப்ப டங்கு டங்குன்னு விழும். மேல வந்ததுல இருந்து தொப்பு தொப்புன்னு விழுது. சொன்னேன், ரப்பர் போட்டிருக்குல்ல, அதான்னு விட்டுட்டாங்க.”

“அண்ணே, ஒரு மோல்டு போடுங்க, பார்ப்போம்,” என்றேன்.

கடைசி அடுக்கை இடிக்கும்போது ஸ்டாண்டின் காலில் உள்ளங்கையை வைத்தேன். ஒவ்வொரு அடிக்கும் ஸ்டாண்டு கண்ணுக்குத் தெரியாமல் இறங்கி எழுந்தது. கை அதை நன்றாக உணர்ந்தது. எட்டடி தள்ளி ஜன்னல் மேடையில் இருந்த பாத்திரத்துத் தண்ணீரில் வட்டம் வட்டமாக அலை. மோல்டுக்குள் போக வேண்டிய சக்தியில் ஒரு பங்கு ரப்பருக்கும் மேல்தளத்துக்கும் போய்க்கொண்டிருந்தது. ராம்மரின் எடையிலோ உயரத்திலோ அது தெரியாது.

இதைப் பற்றி முறைகள் பேசாமல் இல்லை. அமெரிக்க ஏஎஸ்டிஎம் டி1557, மோல்டு 91 கிலோவுக்குக் குறையாத கான்கிரீட் கட்டி போன்ற அசையாத அடித்தளத்தில் இருக்க வேண்டும் என்கிறது. தார்க் கலவைக்கான மார்ஷல் இடிப்பில் இன்னும் கறார்: 203 மில்லிமீட்டர் சதுரம், 457 மில்லிமீட்டர் உயரம் கொண்ட மரக்கட்டை, அதன் தலையில் 25 மில்லிமீட்டர் இரும்புத் தகடு, அடியில் கான்கிரீட்டோடு இறுக்கிய பிணைப்பு. அங்கே பீடமே சோதனையின் ஓர் அங்கம். மண் சோதனைக்காரர்களோ பெரும்பாலும் ராம்மரைப் பற்றியே பேசுகிறோம், அது எதன்மேல் விழுகிறது என்பதை மறந்துவிடுகிறோம்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

சந்தேகம் வலுவாக இருந்தாலும், கை உணர்ந்ததை வைத்து ஒரு சாலையை நிறுத்த முடியாது. முதல் முடிவு, எண்ணில் நிரூபிப்பது. ஒரே குவியல் செம்மணலை, மாதிரியைச் சமமாகப் பகுக்கும் ரிஃப்ளரில் நான்காகப் பிரித்தோம். ஒரு பங்கு மேல்மாடி மிஷினில், இருந்தது இருந்தபடி. ஒரு பங்கு கைராம்மரில், தரைத்தளக் கான்கிரீட்டில், கனம் காரணமாகக் கீழேயே விட்டுவைத்திருந்த மார்ஷல் பீடத்துக்குப் பக்கத்தில். மூன்றாவது பங்கு பைன்டவுனில் உள்ள வேறொரு ஆய்வகத்துக்கு, எங்கள் எண்களைச் சொல்லாமல். நான்காவதை மூடி வைத்தோம்.

இரண்டு விஷயத்தில் பிடிவாதமாக இருந்தோம். ஒவ்வொரு மோல்டுக்கும் புது மண். ஒருமுறை இடித்த மண்ணை உதிர்த்து மறுபடி இடித்தால் துகள் உடைந்து அடர்த்தி கூடிக் காட்டலாம். கைராம்மரை இருவர் மாறி மாறிப் பிடிக்க வேண்டும். களைத்த கை ராம்மரை முழு உயரம் தூக்காது, அப்புறம் கை இடிப்பும் குறைவாகத்தான் வரும்.

மேல்மாடி மிஷின்: 1,945 கிலோ, 10.4 சதவீதம். கை: 2,015 கிலோ, 9.2. பைன்டவுன்: 2,010 கிலோ, 9.3.

இதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் மிஷினே பழுது என்று ஒரு தரப்பு சொல்ல ஆரம்பித்தது, புது மிஷின் விலைப்பட்டியலும் வந்தது. ஆகவே மிஷினைக் கீழே இறக்கி, தரையோடு சேர்த்து வார்த்த கான்கிரீட் கட்டியில் போல்ட் போட்டு இறுக்கச் சொன்னேன். கான்கிரீட் பலம் ஏறும்வரை எல்லா இடிப்பும் கையால். பிறகு மூடி வைத்த நான்காவது பங்கை அதே மிஷினில், அதே பெரியவர் ஓட்டினார்: 2,010 கிலோ, 9.3 சதவீதம். மிஷின்மேல் பழி இல்லை என்பது முடிவானது.

இரண்டாவது முடிவு, மேல்மாடிக்குப் போன நாளிலிருந்து வந்த எல்லா அறிக்கைகளையும் மறுகணக்கிடுவது. கள அடர்த்திகள் சரி என்று முன்பே நிரூபித்திருந்ததால் வகுக்கும் எண்ணை மட்டும் மாற்றினால் போதும். உதாரணத்துக்கு ஒரு பகுதி: கள அடர்த்தி 1,890 கிலோ. பழைய கணக்கில் 97.2 சதவீதம், தேறியது. புதுக் கணக்கில் 93.8, தேறவில்லை. 102 என்று பெருமையாகச் சொன்ன பகுதி 98.5க்கு வந்தது, அது இப்போதும் நல்ல வேலைதான். மொத்தம் 31 பகுதிகளில் 9 பகுதிகள் 95க்குக் கீழே போயின.

மூன்றாவது முடிவில்தான் வாக்குவாதம் அதிகம். ஒப்பந்தக்காரர் தரப்பு, கையெழுத்துப் போட்டு ஏற்றுக்கொண்ட வேலையைத் திரும்பக் கிளறக்கூடாது என்றது. எங்கள் தரப்பில் ஒருவர் ஒன்பதையும் பெயர்க்க வேண்டும் என்றார். தலைமைப் பொறியாளர் இரண்டுக்கும் போகவில்லை. இன்னும் மூடாமல் இருந்த நான்கு பகுதிகளைக் கிளறி, சரியான ஈரத்தில் மறுபடி உருட்டுவது. மேலே அடுக்கு போட்டு மூடிவிட்ட ஐந்தில் டிசிபி கூம்பை இறக்கிப் பார்த்து, அதன் பிறகு தீர்மானிப்பது. 8 கிலோ சுத்தி 575 மில்லிமீட்டர் விழுந்து கூம்பை எவ்வளவு தூரம் இறக்குகிறது என்பதிலிருந்து அடுக்கின் பலம் தெரியும். டிசிபி அடர்த்தியைச் சொல்லாது. ஆனால் மூடிய அடுக்கில் எது மெலிந்த இடம் என்று காட்டிக்கொடுக்கும். என் பார்வையில் சரியான முடிவு.

நொறுக்குக் கல் கலப்பது அன்றே நிறுத்தப்பட்டது. சிபிஆர் மாதிரிகளும் அதே ஸ்டாண்டில் இடித்தவை. குறைந்த அடர்த்தியில் இறுகிய மாதிரி குறைந்த பலம் காட்டும்; அதோடு 93 சதவீதம் என்று கணக்கிட்ட அடர்த்தியும் 1,875க்குப் பதில் 1,810 ஆக இறங்கியிருந்தது. ஒரே குறை, ரோலரைக் கெட்டிக்காரனாகவும் மண்ணை நோஞ்சானாகவும் காட்டியிருக்கிறது.

பின் நடந்தவை

கான்கிரீட் கட்டியின்மேல் செய்த சிபிஆர் 19 வந்தது. செம்மணல் கல் கலக்காமலே ஜி7க்குத் தேறியது. அதற்குள் வந்து இறங்கிய கல்லுக்கு யார் பணம் கொடுப்பது என்ற பேச்சு வேலை முடியும்வரை இழுத்து, கடைசியில் ஆய்வகமும் ஒப்பந்தக்காரரும் பங்கிட்டுக்கொண்டார்கள்.

திறந்திருந்த நான்கு பகுதிகளும் மறு உருட்டலில் 96க்கு மேல் வந்தன. தண்ணீரை ஒரு சதவீதத்துக்கு மேல் குறைத்ததும் மெத்தை போன்ற அலையும் நின்றது. ரோலர் ஓட்டுபவர் முதலிலிருந்தே சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். மூடிய ஐந்தில் மூன்று பகுதிகளில் கூம்பு எதிர்பார்த்ததைவிடக் குறைவாகவே இறங்கியது, அதாவது பலம் போதுமானதாக இருந்தது. காரணத்தை எழுதி, கோப்பில் வைத்து ஏற்றுக்கொண்டார்கள். இரண்டில் சிறுபாலத்தின் அணைச்சுவரை ஒட்டி, பெரிய ரோலர் நெருங்க முடியாத இடங்களில், கூம்பு வெண்ணெயில் போவது போல இறங்கியது. அவற்றை அகழ்ந்து, மெல்லிய அடுக்குகளாக நிரப்பி, கைரோலரால் இறுக்கினார்கள். 2022இல் சாலை போனதும் அதே போன்ற ஓர் அணைச்சுவர் ஓரத்தில்தான். இந்த விவகாரத்தில் எனக்கு அதிக நிம்மதி தந்தது அந்த இரண்டு குழிகளைத் திறந்ததுதான்.

மாற்றியவை, மாற்ற வேண்டியவை

ஐஎஸ்ஓ 17025 தரம், கருவியைப் பயன்பாட்டுக்குக் கொண்டுவரும் முன்பும் திரும்பக் கொண்டுவரும் முன்பும் அது தேவைக்கு ஏற்றபடி இருக்கிறதா என்று சரிபார்க்கச் சொல்கிறது. ஆய்வகம் சரிபார்த்தது, எடையும் உயரமும் எண்ணிக்கையும். இடம் மாறினால் அடித்தளமும் மாறுகிறது என்பது அந்தப் பட்டியலில் இல்லை. இப்போது இருக்கிறது: மிஷினை ஓர் அடி நகர்த்தினாலும், ஒரே மண்ணில் கை இடிப்பும் மிஷின் இடிப்பும் செய்து ஒப்பிட்ட பிறகே அறிக்கை.

கீழ்த்தளத்தில் மறுபடி வெள்ளம் வந்தால் என்ன செய்வது என்ற கேள்வி நியாயமானது. கான்கிரீட் கட்டியை முழங்கால் உயரத்துக்கு வார்த்திருக்கிறார்கள், மோட்டார் அதற்கும் மேலே. சத்தத்துக்கு மிஷினைச் சுற்றி மூடிய கூண்டு; ரப்பர் கூண்டின் சுவரில் மட்டும்.

எங்கள் தரப்பில், மாதாந்திர அட்டவணையில் சதவீதத்தோடு வகுத்த எண்ணையும் உகந்த ஈரப்பதத்தையும் பக்கத்தில் எழுதுகிறோம். ஒரே குழி மண்ணுக்கு அந்த இரண்டும் எதிரெதிர்த் திசையில் நகர்ந்தால் உடனே ஆய்வகத்துக்குப் போன். களத்தில் ரோலர் ஓட்டுபவர்கள் சொல்வதற்கும் ஒரு பத்தி ஒதுக்கியிருக்கிறோம். அது இன்னும் பாதி நாள் காலியாகவே வருகிறது, மேற்பார்வையாளர்கள் கேட்டு எழுதப் பழக வேண்டும்.

அந்தப் பெரியவரின் யோசனைப்படி ஆய்வகத்தில் ஒரு பீப்பாய் செம்மணலைக் காற்றில் உலர்த்திக் கலந்து மூடி வைத்திருக்கிறார்கள். மாதம் ஒருமுறை அதிலிருந்து ஒரு வளைகோடு. முந்தைய அடர்த்தியிலிருந்து ஒரு சதவீதம் விலகினால் மிஷின் நிற்கும். பீப்பாய் தீருவதற்குள் அதே மண்குழியிலிருந்து மண் எடுத்து அடுத்ததை நிரப்பி, பழைய மண்ணையும் புது மண்ணையும் ஒரே நாளில் இடித்து ஒப்பிட்ட பிறகுதான் மாற்ற வேண்டும் என்று நிர்வாகி அம்மா மூடியின்மேலேயே எழுதி ஒட்டியிருக்கிறார்.